புதுப் புலம் சேர்த்த பிறகு வரும் கோளாறுகள்: எந்த மடை அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு விற்பனை அறிக்கைகள் அமைத்துத் தருகிறேன். அவர் ஒருநாள் கேட்டார்: "தம்பி, கல்யாணத்துக்குன்னு மல்லி எவ்வளவு போகுது, கடை வியாபாரத்துக்கு எவ்வளவு போகுதுன்னு பிரிச்சுக் காட்ட முடியுமா?" நல்ல கேள்வி. பில் போடும் மென்பொருளில் 'தேவை' என்று ஒரு கஸ்டம் ஃபீல்டு, அதாவது நாமே உருவாக்கும் புலம், சேர்த்தோம். பில் போடும் பையன்களும் கல்யாணம், கோயில், கடை என்று ஒழுங்காகக் குறித்துவந்தார்கள். ஒரு வாரம் கழித்து டேஷ்போர்டைத் திறந்தால் அந்தப் புலத்தின் சுவடே இல்லை.

இது அடிக்கடி நடப்பதுதான். ஒரு புலம் பில்லில் பிறந்து டேஷ்போர்டுக்கு வந்து சேர ஐந்து இடங்களைத் தாண்ட வேண்டும்: பில் மென்பொருள், அதிலிருந்து தரவை எடுத்துவரும் ஒத்திசைவுக் கருவி, கிளவுடில் இருக்கும் தரவுக் கிடங்கின் மூல அட்டவணை (புலம் இங்கே ஒரு நெடுவரிசையாக வந்து விழும்), அதன்மேல் நாம் கட்டிய வியூக்கள் (அட்டவணையிலிருந்து வேண்டியதை எடுத்துக் காட்டும் சேமித்த கேள்விகள்), கடைசியாக அறிக்கையைப் படமாகக் காட்டும் டேஷ்போர்டு. பெரியாறு கால்வாயில் மேலூர்ப் பக்கம் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலில் நின்று வயலையே வெட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். கால்வாய்க் கரையோடு மேலே நடந்து, எந்த மடை வரைக்கும் தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பார்கள். இங்கேயும் அதே வேலைதான்.

அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு பில்லைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் புலம் நிரப்பப்பட்ட பில் என்பதை மென்பொருளில் கண்ணால் பார்த்து உறுதிசெய்து, எண்ணைத் தாளில் எழுதுங்கள். அந்த எண்ணை வைத்து மூல அட்டவணையில் தேடுங்கள், அப்புறம் வியூவில், அப்புறம் டேஷ்போர்டில். மதிப்பு கடைசியாக எங்கே இருந்தது, எங்கே காணாமல் போனது என்று தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் 'முழுசா ஒருதடவை ரீஃப்ரெஷ் பண்ணிப் பாப்போம்' என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரீஃப்ரெஷ் பண்ணினால் தடயம் அழிந்துபோகும்.

மூல அட்டவணையில் அந்த நெடுவரிசையே இல்லை

முதல் சந்தேகம் அனுமதி மேல்தான் வர வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு புலத்தையும் யார் யார் பார்க்கலாம் என்று தனித்தனியாக அனுமதி வைக்கலாம். நீங்கள் நிர்வாகி என்பதால் உங்கள் திரையில் புலம் தெரியும். ஆனால் ஒத்திசைவுக் கருவி உங்கள் பெயரில் உள்ளே நுழைவதில்லை. அதற்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கும். அந்தக் கணக்குக்குப் புதுப் புலத்தைப் படிக்கும் அனுமதி தராவிட்டால், அதைப் பொறுத்தவரை அப்படி ஒரு புலமே கிடையாது. பிழைச்செய்தி வராது, சிவப்பு விளக்கு எரியாது. அந்தக் கணக்கிலேயே உள்ளே நுழைந்து அதே பில்லைத் திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை, பல நாள் அலைச்சல் மிச்சம்.

சேல்ஸ்ஃபோர்ஸ் என்றால் பெயரையும் கவனியுங்கள். திரையில் 'தேவை' என்று தெரிந்தாலும் உள்ளே அதன் பெயர் வேறு. நாம் சேர்க்கும் புலங்களின் உட்பெயர் இரண்டு அடிக்கோடும் ஒரு சி எழுத்தும் சேர்ந்து முடியும். கிடங்கில் தேடும்போது அந்த உட்பெயரைத்தான் தேட வேண்டும்.

அனுமதி சரியாக இருந்தால் அடுத்தது ஒத்திசைவுக் கருவியின் அமைப்பு. புதிய நெடுவரிசைகளைத் தானாகச் சேர்க்கலாமா, கேட்டுவிட்டுச் சேர்க்கலாமா, அடியோடு தடுக்கலாமா என்று பல கருவிகளில் ஒரு தேர்வு இருக்கும். யாரோ எப்போதோ 'தடு' என்று வைத்திருப்பார்கள்.

நீங்களே கோப்பாக ஏற்றுகிறீர்கள் என்றால் பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக், ரெட்ஷிஃப்ட் என்று கிடங்குக்குக் கிடங்கு நடத்தை மாறும். பிக்குவெரியில் கோப்பில் புது நெடுவரிசை இருந்து அட்டவணையில் இல்லையென்றால், புலம் சேர்க்க அனுமதிக்கும் விருப்பத்தை ஏற்றும் வேலையில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். ஸ்னோஃப்ளேக்கில் இரண்டு சாவி உண்டு: புது நெடுவரிசைக்கு ஏற்ப அட்டவணை மாற இடம்தரும் ஸ்கீமா எவல்யூஷன் என்ற அமைப்பை அட்டவணையில் இயக்க வேண்டும், ஏற்றும் கட்டளையில் 'நெடுவரிசைப் பெயரால் பொருத்து' என்ற விருப்பமும் தர வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர். கூடவே, ஏற்றுகிற ரோலுக்கு (அனுமதிகளின் தொகுப்புக்கு) அந்த அட்டவணையின் அமைப்பை மாற்றும் உரிமையும் இருக்க வேண்டும்.

இன்னொன்று: பிக்குவெரியில் ஏற்கெனவே இருக்கும் அட்டவணையில் 'கட்டாயம்' என்ற வகையில் புது நெடுவரிசை சேர்க்க முடியாது. பழைய பதிவுகளில் அதற்கு மதிப்பு இல்லையே! காலியாக இருக்கலாம் என்ற வகையில்தான் சேர்க்க வேண்டும்.

நெடுவரிசை வந்துவிட்டது, ஆனால் உள்ளே எல்லாம் காலி

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: எல்லாப் பதிவும் காலியா, பழைய பதிவுகள் மட்டும் காலியா?

பழையவை மட்டும் காலி என்றால் அது கோளாறே இல்லை. புலம் பிறந்த தேதிக்கு முன்னால் போட்ட பில்லில் மதிப்பு எங்கிருந்து வரும்? இருந்தாலும் கவனம் வேண்டும். டேஷ்போர்டில் காலியை 'கல்யாணம் அல்லாதது' என்று எண்ணிவிட்டால் போன வருடம் முழுக்கக் கல்யாண விற்பனையே நடக்காதது போலவும், இந்த மாதம் திடீரென்று எகிறியது போலவும் தெரியும். முதலாளி அதை நம்பிக் கொள்முதல் முடிவு எடுத்துவிட்டால் நஷ்டம் நிஜமானது. அதனால் வியூவிலேயே காலியான மதிப்புக்கு 'புலம் வருமுன்' என்று தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். நான் எந்தப் புதுப் புலத்துக்கும் இதைத் தவறாமல் செய்கிறேன்.

இயல்பு மதிப்பு (டிஃபால்ட்) வைத்தால் பழைய பதிவுகளும் நிரம்பிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பிக்குவெரியில் அப்படி நடக்காது. நெடுவரிசையை முதலில் சேர்த்து, அடுத்த கட்டளையில்தான் இயல்பு மதிப்பைக் கொடுக்க முடியும். அது இனி வரும் பதிவுகளுக்கு மட்டும்தான். பழையவற்றை நிரப்பத் தனியாக ஓர் அப்டேட் கட்டளை ஓட்ட வேண்டும்.

மென்பொருளில் பழைய பில்களையும் திருத்தி நிரப்பியிருக்கிறீர்கள், ஆனாலும் கிடங்கில் காலி என்றால் ஒத்திசைவு நடக்கும் விதத்தைப் பாருங்கள். பெரும்பாலான கருவிகள் கடைசி ஓட்டத்துக்குப் பிறகு மாறிய பதிவுகளை மட்டும் எடுக்கும். மாறியதா என்பதை 'கடைசியாகத் திருத்திய நேரம்' என்ற புலத்தைப் பார்த்து முடிவு செய்யும். கையால் திருத்தினால் அந்த நேரம் மாறும், பதிவு வந்து சேரும். ஆனால் புதுப் புலம் ஒரு சூத்திரப் புலமாக இருந்தால், அதன் மதிப்பு படிக்கும்போது கணக்கிடப்படுகிறது; பதிவில் எதுவும் எழுதப்படுவதில்லை. திருத்திய நேரம் அசையாது. கருவிக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. சூத்திரப் புலத்தை இழுத்துவராமல் அதே சூத்திரத்தைக் கிடங்கின் வியூவில் எழுதிக்கொள்வதுதான் என் வழக்கம். கணக்கு ஓர் இடத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி இருக்கும்.

ஸ்னோஃப்ளேக்கில் கோப்புகளை மறுபடி ஏற்றிப் பார்த்தும் எதுவும் நிரம்பவில்லையா? ஏற்கெனவே ஏற்றிய கோப்பை அது 64 நாள் வரை நினைவில் வைத்திருந்து தாண்டிவிடும். ஃபோர்ஸ் என்ற விருப்பம் கொடுத்தால் ஏற்றும், ஆனால் பழைய பதிவுகள் மேலேயே இன்னொரு படி விழும், விற்பனை இரட்டிப்பாகும். தற்காலிக அட்டவணை ஒன்றில் ஏற்றி, பில் எண்ணை வைத்துப் பொருத்தி மெர்ஜ் செய்வதே (இணைப்பதே) பாதுகாப்பு.

புதிய பில் உட்பட எல்லாமே காலி என்றால் பெயர்ப் பொருத்தத்தில் சிக்கல் இருக்கும். ஸ்னோஃப்ளேக்கில் மேற்கோள்குறி இல்லாமல் எழுதும் பெயர் பெரிய எழுத்தாக மாறிவிடும். மேற்கோள்குறிக்குள் சிறிய எழுத்தில் எழுதினால் அது வேறு பெயர். இப்படி ஒரே அட்டவணையில் பெரிய எழுத்தில் ஒன்றும் சிறிய எழுத்தில் ஒன்றுமாக இரண்டு நெடுவரிசை இருக்கலாம். ஒன்றில் தரவு விழும், நாம் மற்றதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கோளாறு இல்லாவிட்டாலும் இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 'இன்று முகூர்த்த நாளா' என்பதைப் பில்லில் டிக் அடிக்கும் புலமாக வைக்காதீர்கள். அது நாளின் குணம், பில்லின் குணம் அல்ல. ஒரே நாளில் ஒரு பையன் டிக் அடிப்பான், இன்னொருவன் மறந்துவிடுவான். ஒரே தேதி முகூர்த்தமாகவும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். தேதிக்கு ஒரு வரி என்று கிடங்கில் ஒரு நாள்காட்டி அட்டவணை வையுங்கள். வருடத்துக்கு 365 வரிதான். தினசரிக் காலண்டரைப் பார்த்து முகூர்த்தம், அமாவாசை, தமிழ் மாதம் எல்லாவற்றையும் ஒரு மாலையில் நிரப்பிவிடலாம். பழைய விற்பனைக்கும் அது உடனே பொருந்தும், காலி என்ற பேச்சே வராது. விடிகாலை முகூர்த்தத்துக்குப் பூ முந்தின நாளே போய்விடும் என்பதால் 'மறுநாள் முகூர்த்தம்' என்று இன்னொரு நெடுவரிசையும் வேண்டும். தமிழ் மாதமும் அவசியம். மார்கழிக் குளிரில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறும். அந்த மாதம் கல்யாணமே இருக்காது. மாதத்தைப் பிரிக்காமல் பார்த்தால் முகூர்த்தத்துக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்று அறிக்கை சொல்லும்.

மூல அட்டவணையில் மதிப்பு இருக்கிறது, டேஷ்போர்டில் இல்லை

எங்கள் பூ வியாபாரியின் 'தேவை' புலம் தடுக்கி நின்றது இங்கேதான்.

நடுவில் இருக்கும் வியூக்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'செலக்ட் ஸ்டார் போட்டுத்தான் எழுதியிருக்கோம், எல்லா நெடுவரிசையும் தானா வருமே' என்று நினைப்போம். ஸ்னோஃப்ளேக்கிலும் ரெட்ஷிஃப்டிலும் அந்த நட்சத்திரம் வியூவை உருவாக்கிய அன்றைக்கு இருந்த நெடுவரிசைப் பட்டியலாக உறைந்துவிடும். பிறகு சேர்ந்தவை உள்ளே வராது. பிக்குவெரியில் வியூவை நேரடியாகக் கேட்டால் புது நெடுவரிசை வரும், ஆனால் வியூவின் விவரப் பக்கத்தில் காட்டும் பட்டியல் பழையதாகவே நிற்கும். அந்தப் பட்டியலைப் படித்து வேலை செய்யும் டேஷ்போர்டுக்குப் புதுப் புலம் இருப்பது தெரியாது. மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: வியூவை அதே வரையறையோடு மறுபடி உருவாக்குங்கள். ஒரு வியூ மேல் இன்னொரு வியூ இருந்தால் அடியிலிருந்து வரிசையாக.

டிபிடி (கிடங்குக்குள் அட்டவணைகளைக் கட்டித்தரும் கருவி) வைத்து மாடல் கட்டுபவர்கள் இன்கிரிமென்டல் மாடல்களை, அதாவது ஒவ்வொரு ஓட்டத்திலும் புதுப் பதிவுகளை மட்டும் சேர்ப்பவற்றை, பாருங்கள். அமைப்பு மாறினால் என்ன செய்வது என்று சொல்லாவிட்டால் 'கண்டுகொள்ளாதே' என்பதுதான் அதன் இயல்பு நிலை. மாடல் பச்சை விளக்கோடு ஓடி முடியும், புதுப் புலம் மட்டும் இருக்காது. புது நெடுவரிசையைச் சேர்க்கும்படி அமைப்பை மாற்றினாலும் பழைய பதிவுகள் நிரம்பாது. அவையும் வேண்டும் என்றால் ஒருமுறை முழுதாக மறுபடி கட்ட வேண்டும்.

கடைசி மடை டேஷ்போர்டு. லுக்கர் ஸ்டுடியோவில் தரவு மூலத்தைத் திருத்தும் பக்கத்துக்குப் போய்ப் புலங்களைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அறிக்கைப் பக்கத்தில் தரவைப் புதுப்பிப்பது வேறு, இது வேறு. பவர் பிஐயில் தரவை உள்ளே இழுத்துவைக்கும் முறை என்றால் கணினியில் இருக்கும் கோப்பில் புதுப்பித்து மறுபடி வெளியிட வேண்டும். இணையத்தில் நாள்தோறும் நடக்கும் புதுப்பிப்பு மட்டும் போதாது.

எங்களுக்கு ஒரு வியூவை மறுபடி உருவாக்கியதும் சரியானது. அன்றைக்கு மாலையே 'தேவை' வாரியாகப் பிரித்த படம் அவர் கைப்பேசியில் தெரிந்தது. "இதான் தம்பி நான் கேட்டது" என்றார். ஆனால் அடுத்த நாள் காலையில் மறுபடி அழைப்பு.

தேதி ஒருநாள் தள்ளி விழுகிறது

"நேத்து நான் கடையே திறக்கலையே, வியாபாரம் நடந்திருக்குன்னு காட்டுதே!" என்றார் அண்ணன். பூ வியாபாரத்தில் இந்தக் கோளாறு மற்ற எந்தத் தொழிலையும் விட பளிச்சென்று தெரியும், ஏனென்றால் வியாபாரத்தின் பெரும்பகுதி விடியுமுன்னே முடிந்துவிடுகிறது.

கிடங்கு நேரத்தை யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், வைத்திருக்கிறது. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். 14-ஆம் தேதி விடியற்காலை 4:15-க்குப் போட்ட பில் யுடிசியில் 13-ஆம் தேதி இரவு 10:45. நேர முத்திரையிலிருந்து தேதியை மட்டும் வெட்டி எடுத்து 'விற்பனை நாள்' என்று புலம் செய்தால், விடியற்காலை 5:30-க்கு முன் போட்ட பில் எல்லாம் முந்தின நாளில் போய் விழும். மூட்டை இறக்கி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் போல ட்யூப்லைட் எரியும் அந்த நேரத்து விற்பனை முழுக்க நேற்றைய கணக்கில்!

பிக்குவெரியில் தேதியாக மாற்றும் செயலிக்கு (ஃபங்ஷனுக்கு) இரண்டாவதாக 'ஏசியா/கொல்கத்தா' என்ற நேர மண்டலத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும். ஸ்னோஃப்ளேக்கிலும் ரெட்ஷிஃப்டிலும் கன்வெர்ட் டைம்சோன் என்ற செயலி இருக்கிறது.

மாற்றிய பிறகும் தேதி தவறினால், இருமுறை மாற்றியிருக்கிறீர்கள். சில பில் மென்பொருள்கள் நம் உள்ளூர் நேரத்தையே எந்த மண்டலக் குறிப்பும் இல்லாமல் அனுப்பும். கிடங்கு அதை யுடிசி என்று எடுத்துக்கொள்ளும். நாம் அதன்மேல் இன்னொரு ஐந்தரை மணி நேரம் கூட்டுவோம். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, தவறிய பில்களின் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலை பில்கள் முந்தின நாளுக்குப் போயிருந்தால் மாற்றமே நடக்கவில்லை. மாலை 6:30-க்குப் பிந்தைய பில்கள் அடுத்த நாளுக்குப் போயிருந்தால் மாற்றம் ஒருமுறை அதிகம்.

எண்ணின் முன்னால் இருந்த சுழியம் காணோம்

உதிரிப் பூவின் எச்எஸ்என் குறியீட்டை (ஜிஎஸ்டிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்ணை) புலமாகச் சேர்த்தோம். பறித்த பூக்களும் மொட்டுகளும் வரும் தலைப்பு 0603. கிடங்கில் 603 என்று வந்து நின்றது. பிக்குவெரி தானாக வகையைக் கண்டறியும்போது கோப்பின் முதல் 500 வரிகள் வரை பார்த்து முடிவெடுக்கும். எல்லாம் இலக்கமாக இருந்தால் முழு எண் என்று வைத்துவிடும். முழு எண்ணுக்கு முன்சுழியம் கிடையாது. முன்னால் சுழியம் போட்டு எழுதிய கைப்பேசி எண், பெட்டி எண் எல்லாமே இந்த ஆபத்தில் உள்ளவைதான். கூட்டிக் கழிக்காத எந்த எண்ணும் எழுத்துச் சரமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் விதி.

பிக்குவெரியில் முழு எண் நெடுவரிசையை அப்படியே சரமாக மாற்ற முடியாது. சர வகையில் புதிய நெடுவரிசை சேர்த்து, மதிப்பை மாற்றி நிரப்பி, பிறகு பழையதை எடுங்கள். தொலைந்த சுழியத்தை மீட்கவும் வழியுண்டு: எச்எஸ்என் குறியீடு எப்போதும் இரட்டைப்படை நீளம்தான். நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் முன்னால் ஒரு சுழியத்தைச் சேர்த்துவிடலாம். கைப்பேசி எண்ணுக்கும் பெட்டி எண்ணுக்கும் இப்படி ஒரு வசதி இல்லை. மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

தமிழில் எழுதிய மதிப்பு ஏற மறுக்கிறது, அல்லது வெட்டுப்படுகிறது

வாடிக்கையாளர் ஊரைத் தமிழிலேயே எழுத 50 நீளத்தில் ஒரு புலம். மேலூர் ஏறியது, உசிலம்பட்டி ஏறியது, திருப்பரங்குன்றம் ஏறவில்லை. நீளம் போதவில்லை என்று ரெட்ஷிஃப்ட் பிழை சொல்கிறது. பத்தே எழுத்துதானே?

எழுத்தாக எண்ணினால் பத்துதான். ஆனால் கணினிக்குக் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி. அப்படி எண்ணினால் 17. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு, ஆக 51 பைட்டு. ரெட்ஷிஃப்டில் வார்கேர் என்ற எழுத்துச் சர வகையின் நீளம் பைட்டுக் கணக்கு. 50-ஐ ஒரே ஒரு பைட்டு தாண்டியதால் நின்றுவிட்டது. ஸ்னோஃப்ளேக்கும் பிக்குவெரியும் குறிகளை எண்ணுகின்றன. அங்கே இந்தச் சொல் 17 இடம்தான் எடுக்கும்.

'வெட்டி ஏற்று' என்ற விருப்பத்தைப் போட்டுத் தப்பிக்க நினைக்காதீர்கள். வெட்டினால் கடைசிக் குறியான புள்ளி போய் 'திருப்பரங்குன்றம' என்று நிற்கும். பட்டியலில் திருப்பரங்குன்றம் இரண்டு ஊராகிவிடும், பார்த்தவுடனே கண்ணுக்கும் பிடிபடாது. தமிழ் எழுதப்போகும் புலத்துக்கு ரெட்ஷிஃப்டில் நினைத்ததைப் போல நாலைந்து மடங்கு நீளம் வையுங்கள்.

ஒரே ஊர் பட்டியலில் இருமுறை வருகிறது

சோழவந்தான், அதன் கீழேயே இன்னொரு சோழவந்தான். இடைவெளி இல்லை, எழுத்துப்பிழை இல்லை. நீளம் காட்டும் செயலியை ஓட்டினால் ஒன்று 10, மற்றது 11.

'சோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். சகரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று. சகரம், இடப்பக்கக் கொம்பு, வலப்பக்கக் கால் என்று மூன்றாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். விசைப்பலகைக்கு விசைப்பலகை, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புக்குக் கோப்பு இது வேறுபடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளில் மட்டும்தான் இந்தத் தொல்லை. அதனால் மேலூர் ஒருபோதும் இரண்டாகாது, கோரிப்பாளையம் ஆகும்.

பிக்குவெரியில் நார்மலைஸ் என்ற செயலி இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். மற்றவற்றில், ஏற்றுவதற்கு முன்னால் பைத்தான் போன்ற ஒன்றில் யுனிகோடு இயல்பாக்கம் செய்து அனுப்புவது எளிது. வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்த பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும், அவற்றையும் அங்கேயே நீக்கிவிடலாம். முடிந்தால் ஊரைக் கையால் எழுதும் புலமாக வைக்காமல் தேர்வுப் பட்டியலாக வையுங்கள்.

விற்பனைத் தொகை திடீரென்று பெருத்துவிட்டது

புதுப் புலம் பலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வகையா? ஒரு பில்லில் மல்லி, பிச்சி, முல்லை மூன்றையும் குறித்திருந்தால், அதைப் பிரித்து எழுதும்போது ஒரு பில் மூன்று வரியாகும். 3000 ரூபாய் பில் ஒவ்வொரு வரியிலும் 3000 என்று நிற்கும், கூட்டினால் 9000. பூ வாரியான அறிக்கைக்குப் பில் தொகையைத் தொடவே கூடாது, பில்லுக்குள் இருக்கும் பொருள் வரியின் தொகையைத்தான் கூட்ட வேண்டும். புலம் சேர்ப்பதற்கு முந்தின நாளின் மொத்தத்தைத் தாளில் குறித்துவைத்து, சேர்த்த பிறகு அதே நாளின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் மாறினாலும் எங்கேயோ வரிகள் பெருகியிருக்கின்றன.

கிடங்கின் கட்டணம் ஏறிவிட்டது

பிக்குவெரியைப் படிக்கும் அளவுக்குக் காசு என்ற முறையில் பயன்படுத்தினால், கேள்வி தொடும் நெடுவரிசைகளின் பைட்டுகளுக்குத்தான் கட்டணம். நீளமான குறிப்புப் புலம் ஒன்றைச் சேர்த்துவிட்டு எல்லா இடத்திலும் செலக்ட் ஸ்டார் வைத்திருந்தால், அந்தக் குறிப்பை யாரும் பார்க்காவிட்டாலும் ஒவ்வொரு முறையும் படித்துக் காசு போகும். தேவையான நெடுவரிசைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

புலத்தின் பெயரை மாற்றினார்கள், அல்லது அழித்துவிட்டார்கள்

பெயரை மாற்றினால் பெரும்பாலும் கிடங்கில் புதுப் பெயரில் இன்னொரு நெடுவரிசை முளைக்கும். பழையது அப்படியே நிற்கும், மாற்றிய நாளோடு காலியாகிவிடும். வியூவில் புதியதை முதலில் பார், அது காலியென்றால் பழையதை எடு என்று கோலெஸ் செயலியால் இரண்டையும் இணைத்துவிட்டால் அறிக்கையில் தொடர்ச்சி கெடாது.

கிடங்கிலேயே நெடுவரிசையை அழித்துவிட்டார்கள் என்றால் உடனே எல்லோரையும் கை எடுக்கச் சொல்லுங்கள், நாள் கடந்தால் மீட்க முடியாது. பிக்குவெரியில் அட்டவணை 7 நாளுக்கு முன்னால் இருந்த நிலை வரை படிக்கலாம். ஸ்னோஃப்ளேக்கில் இயல்பாக 1 நாள்தான், உயர்ந்த பதிப்புகளில் 90 நாள் வரை நீட்டி வைத்திருக்கலாம். அழிப்பதற்கு முந்தைய ஒரு நேரத்தைக் குறிப்பிட்டு, அந்த நிலையைப் புதிய பெயரில் தனி அட்டவணையாக முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பில் எண்ணை வைத்து அந்த நெடுவரிசையை மட்டும் இப்போதைய அட்டவணைக்குக் கொண்டுவாருங்கள். தாளில் எழுதிய அந்த ஒரு பில்லைத் தேடி, மதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.